பராக்கு

“அந்தக் கேள்விக்கு சாரே பதில சொல்லிட்டாருடி. நீ கேக்கல?”

ஆவடியில் தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் உடன் தேர்வெழுதிய தோழி ரேகா சிரித்துக்கொண்டே பத்மாவிடம் கேட்டாள்.

‘பராக்கு’ என்ற சொல்லைப் பற்றிய கேள்வி அது. பின்வரிசையில் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்க்க, கண்காணிப்பாளர் அதட்டியிருக்கிறார்: “இன்னா சார் பராக்கு பாத்துகினு? கவனமா எழுதுங்க.” அறை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு, ‘கவனமின்மை’ என்ற விடைக்கே வட்டத்தைக் கறுப்பாக்கியதாம்.

பத்மா அப்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் பேசியது காதில் விழவே இல்லை. அவள் குறித்தது அதற்கு நேர் எதிரான விடை; ரேகாவிடம் அதைச் சொல்லவும் செய்தாள்.

அம்பத்தூரில் கணவன் ஆனந்தன் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஆறு மாதமாகிறது. வயது வரம்புப்படி அரசு வேலைக்கு அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு மதிப்பெண்ணில் எத்தனையோ பேர் முந்திவிடுவார்கள்.

கோவில்பதாகையில் இருந்த வீட்டுக்குப் போனதும் மறைக்காமல் சொன்னாள்.

“சின்ன வயசிலேர்ந்து உன்னைத் திட்டுற வார்த்தை பத்மா அது. அதுக்குமா தப்பா எழுதுவ?” என்றான் ஆனந்தன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவைப் பார்ப்பாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து வருவாள். அம்மா, வாத்தியார், மாமியார் எல்லோரிடமும் அந்தப் பெயர் வாங்கியவள்தான். தேர்வு அறையில் தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கேவலம்.

நான்கு மாதம் கழித்துத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. கடைசிப் பெயர் பத்மாவுடையது. ஆனந்தன் பதிவெண்ணை மூன்று முறை சரிபார்த்தான்.

ஒரே மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்த ரேகா மாலையில் போன் செய்தாள்.

“கேள்வியவே நாங்க ஒழுங்கா படிக்கலடி. ராஜா வரும்போது முன்னாடி போற கட்டியக்காரன் ‘பராக்கு’ன்னு கூவுறானே, அதுக்கு இன்னா அர்த்தம்னுதான் கேட்டுகீறாங்க. ‘கவனமா இருங்க’ன்றதுதான் சரியாம். உனக்கு மட்டும் எப்டி தெரிஞ்சுது?”

பத்மா எட்டிப் பார்த்தாள். ஆனந்தன் வாசலில் யாருக்கோ இனிப்பு கொடுத்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு இன்னா தெரியும்? பக்கத்து மைதானத்துல என்.சி.சி. பசங்க நின்னுகினு இருந்தாங்க. பெரிய அதிகாரி ஜீப்பு உள்ள வரவும் ஒருத்தர் ‘அட்டென்ஷன்’னு கத்தினாரு. மொத்தப் பேரும் விறைச்சு நின்னாங்க. அதைத்தான்டி பராக்கு பாத்துகினு இருந்தேன்.”