இரண்டு வார வித்தியாசம்

"டாக்டர் எட்டு வாரம்னு எழுதினா, குழந்தை தங்கி எட்டு வாரம் ஆச்சுன்னுதானே சிஸ்டர் அர்த்தம்?"

மகப்பேறு பிரிவின் நர்ஸ் எடை பார்க்கும் கருவியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். டோக்கன்கூட வாங்காமல் ஒரு பெண் நேராக அவளிடம் வந்து நின்றிருந்தாள். முப்பதைத் தொடாத வயது. வயிறு தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் எங்கே தெரியப்போகிறது!

"கார்டு எங்கேம்மா?"

"அம்மாகிட்ட இருக்கு. தேதி மட்டும் எழுதிட்டு வந்தேன்."

நீட்டிய சீட்டில் மூன்றே வரிகள். கடைசி மாதவிலக்கு மார்ச் 1. கப்பல் வந்தது மார்ச் 15. டாக்டர் பார்த்தது ஏப்ரல் 26, எட்டு வாரம். டாக்டர் பார்த்துப் பத்து நாள்தான் ஆகிறது என்று நர்ஸ் மனதுக்குள் எண்ணிக்கொண்டாள்.

"அதென்ன நடுவுல கப்பல்?" பதினெட்டு வருட சர்வீஸில் அவள் கேட்காத குடும்பக் கதை இல்லை. ஆனாலும் புதுக் கதை என்றால் காது தானாக நீண்டுவிடும்.

"அவருக்குக் கப்பல்ல வேலை. ஒரு வருஷம் கழிச்சு பதினஞ்சாம் தேதிதான் வீட்டுக்கு வந்தார். அதுல இருந்து எண்ணினா ஆறு வாரம்தானே வருது? மீதி ரெண்டு வாரம் எங்கேன்னு கேட்டுட்டு, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார்."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. "அடப் பாவி மனுஷா! எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லையா?"

"வீட்டுல யாருக்குமே பதில் தெரியலை சிஸ்டர். எனக்கு அந்த ரெண்டு வாரம் என்னன்னு தெரிஞ்சே ஆகணும்."

நர்ஸ் இழுப்பறையைத் திறந்து, பிரசவ நாள் கணக்குப் பார்க்கும் அட்டை வட்டத்தை எடுத்தாள். வெளி வட்டத்தில் மாதமும் தேதியும், உள் வட்டத்தில் வாரங்கள்.

"இங்கே பாரு. குழந்தை எந்த நாள் தங்குச்சுன்னு எந்த டாக்டராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதனால கடைசி மாதவிலக்கோட முதல் நாள்ல இருந்தே எண்ண ஆரம்பிச்சுடுவோம். குழந்தை தங்கறது அதுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் கழிச்சுத்தான்."

"அப்ப எட்டு வாரம்னா..."

"வயித்துல இருக்கறது ஆறு வாரக் குழந்தை. பதினஞ்சாம் தேதிக்குக் கச்சிதமா ஒத்துப்போகுது. இதுகூடத் தெரியாம வீட்டை விட்டுப் போன அந்தப் புத்திசாலி எங்கே?"

"வெளியிலதான் நிக்கறார். கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்திருக்கேன். உள்ளே வரத் தயங்கறார்."

"வரச் சொல்லு. நான் பேசிக்கறேன்!"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நர்ஸ் தயாரானாள். அந்தப் பெண்ணோடு வந்ததோ, தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர். நர்ஸ் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை. மாமனாரை முன்னால் தள்ளிவிட்டு மாப்பிள்ளை நழுவிவிட்டான் போலிருக்கிறது. போகட்டும், இவர் காதில் போட்டால் அவனுக்குப் போய்ச் சேரும் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினாள்.

பெரியவர் வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"தேதியில ஒரு பிசகும் இல்லைங்கய்யா. சந்தேகப்பட்டதுதான் தப்பு." நர்ஸ் வட்டத்தைத் திருப்பினாள். "டிசம்பர் ஆறாம் தேதி வாக்கில குழந்தை பிறக்கும். ரெண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம்."

பெரியவர் உடைந்து அழுதார். அந்தப் பெண்ணின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நாலாம் தேதியே பிறந்துடுச்சும்மா, இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி. என் பொண்ணு முகத்தை நான் இன்னைக்குக் காலையிலதான் முதல்தடவையா பார்த்தேன்."