அதே அளவுச் சோப்பு

ஜலஜாவின் அம்மாவுடைய மானம் என்ன விலை? நாத்தனார் பத்மஜாவின் கணக்கில், அமெரிக்க ஹோட்டலில் இலவசமாகக் கிடைத்த கட்டைவிரல் அளவுச் சோப்பு ஒன்று. பேரம் தெரியாத அம்மா போன வருடம் அதை இரண்டு கைகளாலும் வாங்கிச் சிரித்தாள். இன்று மாரெட்பள்ளி வீட்டுச் சமையலறை ஜன்னல் வெயிலில், ஜலஜா முதன்முதலாகக் காய்ச்சிய தேங்காயெண்ணெய்ச் சோப்புப் பாளம் தந்தம்போல் மின்னுகிறது. கத்தி சத்தமில்லாமல் இறங்குகிறது. “வாவ், ஹேண்ட்மேட்! எனக்கு எத்தனை மன்னி?” என்று அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் பத்மஜா கை நீட்டுகிறாள். ஜலஜா ஒரு குட்டித் துண்டை நறுக்கி, அம்மாவிடமிருந்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த அந்த ஹோட்டல் சோப்பின் அட்டைப்பெட்டியிலேயே போட்டுக் கொடுக்கிறாள். “எங்கம்மாவுக்கு நீ குடுத்த அதே அளவுடி. வேணும்னா நிறுத்துப் பாத்துக்கோ.” பெட்டியின் மேலிருக்கும் ஹோட்டல் பெயரைப் படிக்கும் பத்மஜாவின் காது சிவக்கிறது. சோப்புக்குச் சோப்பு நேராகிவிட்டது. அம்மாவின் சிரிப்பு மட்டும் பாக்கி நிற்கிறது.