வெள்ளைப் புள்ளியின் ஆட்டம்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிக்குள்ளால் வந்து, வவுனியாவின் அந்தச் சின்னக் கொம்பியூட்டர் வகுப்பில் இருக்கிற ஒரேயொரு திரையில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத சுருள்வில்லில் தொங்கும் வெள்ளைப் புள்ளி சரிவாக இழுபட்டு, ஆடி, மெல்ல அடங்குகிறது. விசையைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் வெக்டர் கூறுகளாகப் பிரித்து, விமலேஸ்வரி காலையிலிருந்து எழுதிய புரோகிராம் அது. முதலில் புள்ளி திரையைவிட்டே ஓடியது. வில்லின் விசை இழுப்புக்கு எதிர்த்திசையில் போகவேண்டும் என்பதை அவளேதான் கண்டுபிடித்தாள். பின்னால் வந்து நின்ற நடராசா சேர், அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற, கூடப் படிக்கிற முத்துலிங்கத்தின் தோளில் தட்டுகிறார். "நல்லாச் செய்திருக்கிறீர்." "நான்தான் எழுதினனான், சேர்," என்கிறாள் அவள். "ஓமோம், நீர் கீபோட்டில தட்டினனீர். யோசிச்சது அவர்தானே?" முத்துலிங்கம் சிரிக்கிறான். அவள் ஒரு கட்டளையைத் தட்டி, எழுதிய புரோகிராம் முழுவதையும் அழிக்கிறாள். எழும்பி, திரைக்கு முன்னாலிருந்த தன் கதிரையை அவன் பக்கம் தள்ளுகிறாள். "இப்ப எழுதுங்கோ, பாப்பம்."