காற்று வரவில்லை

கோவிந்தராசு கைப்பிடியில் இருந்த சுவிட்சை அழுத்தினார். நெருப்பு வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

மேஜைமேல் எவர்சில்வர் தகடு, சாக்பீஸ் வட்டத்தோடு அப்படியே கிடந்தது.

மறுபடி அழுத்தினார். தகடு வெட்டும் பிளாஸ்மா மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. கம்ப்ரசரின் முள் சரியான இடத்தில் நின்றது. கைப்பிடியின் முனையில் மட்டும் ஒரு சீறல்கூட இல்லை.

தட்டாஞ்சாவடியில் அந்தப் பட்டறைக்கு மெஷின் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கேஸ் வைத்து எவர்சில்வரை வெட்ட முடியாது, இதை வாங்கலாம் என்று முதலாளி வடிவேலிடம் ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாங்கவைத்தவர் கோவிந்தராசு. மெட்ராசில் பத்து நாள் தங்கி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவரும் அவர்தான். வேறு யாருக்கும் அதைத் தொடத் தெரியாது.

பால் தொட்டியை ஏற்றிப்போக மூன்று மணிக்கு லாரி வரும். அதன் மூடிக்கு இந்த வட்டத்தை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எர்த் கிளிப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டினார். பியூஸைப் பார்த்தார். செம்பு முனையைப் புதிதாகப் போட்டார். கடைசியில் கைப்பிடியையே பிரித்து மேஜைமேல் வைத்து, டெஸ்ட் லாம்ப்பைக் கொடுத்து, சுவிட்சை இடதுகைக் கட்டைவிரலால் அழுத்தினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

சுவிட்சும் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பப் பூட்டினார். கையுறையை மாட்டி, கறுப்புக் கண்ணாடியை இறக்கி, வலதுகையில் பிடித்து அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

அவருக்கு எதுவுமே விளங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிற மெஷின் ஏன் எரிய மாட்டேன் என்கிறது?

கண்ணாடி அறைக்குள் வடிவேல், மெஷின் விற்ற மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்கால் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

தகடுகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்த தையல்நாயகி எழுந்து வந்தாள். மில் வேலை போன பிறகு இங்கே சேர்ந்தவள். சற்று நேரம் அவர் கையையே பார்த்தாள்.

“அண்ணே, நீங்க இன்னும் சுவிட்ச அமுக்கவே இல்லியே.”

“அமுக்கிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

மற்ற விரல்கள் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தன. சுட்டுவிரல் மட்டும் சுவிட்சின்மேல் நீட்டியபடி கிடந்தது.

மடக்கினார். மடக்கிவிட்டதாகத்தான் தோன்றியது. விரல் அசையவில்லை.

தையல்நாயகி நெருங்கி வந்தாள். அவர் விரல்மேல் தன் விரலை வைத்தாள். வைத்ததைக் கண்ணால் பார்த்தார். விரலுக்குத் தெரியவில்லை.

“கண்ணாடியப் போடுங்கண்ணே.”

போட்டார். அவள் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு அழுத்தினாள்.

காற்று சீறியது. நீல நெருப்பு தகட்டில் இறங்கியது. பொறி தெறித்தது.

சத்தம் கேட்டு வடிவேல் போனை வைத்துவிட்டு அறை வாசலுக்கு வந்தார்.

“எரியுதா? எதுலய்யா கோளாறு?”

கோவிந்தராசு சாக்பீஸ் கோட்டின்மேல் நெருப்பை நகர்த்தினார்.

“நாந்தான் மொதலாளி. காத்துக் கொழா மேல ஏறி ஒக்காந்துட்டேன்” என்றாள் தையல்நாயகி, திரும்பாமலே.

அறிவிருக்கிறதா என்று தொடங்கி வடிவேல் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

வட்டம் முடியும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.