அழித்த விடைகள்

சுஷ்மா மேடம் மூன்று பெயர்களை வாசித்தார். பேராச்சியின் பெயர் அதில் இல்லை.

தாராவியின் அந்த மாலை வகுப்பில் கணக்கு என்றால் பேராச்சிதான். மற்ற பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடைக்கு அடியில் கோடு போட்டிருப்பாள்.

பாடம் சொல்லிக்கொடுக்கும் மாரிசெல்வி சுவரோரமாக நின்றாள். தலைக்கு மேலே அவளுடைய பழைய படம். ரெட்டைச் சடை, பள்ளிச் சீருடை. கீழே கொட்டை எழுத்தில்: நாற்பதுக்கு ஏழிலிருந்து முப்பத்தாறு. அப்போது அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது இதே சுஷ்மா மேடம்தான். இன்று அவர் வகுப்பை நடத்தும் அறக்கட்டளையின் செம்பூர் ஆபீஸில் அதிகாரி.

போன வாரம் நடந்தது வருஷத்தின் முதல் பரீட்சை. அதில் மார்க் குறைந்தால்தான் மார்ச் பரீட்சையில் ஏற்றம் தெரியும். ஏற்றம் தெரிந்தால்தான் மாரிசெல்விக்கு அடுத்த வருஷமும் வேலை. அதனால் பேராச்சியின் முன்னால் ஒரு ரப்பரை வைத்து, பாதியை அழித்துத் தப்பாக எழுதச் சொன்னாள்.

"தெரிஞ்ச கணக்கையுமா, யக்கா?" என்று பேராச்சி கேட்டதோடு சரி. அழித்துவிட்டாள். அக்கா சொன்னால் காரணம் இருக்கும்.

இந்த வருஷம் பார்த்துத்தான் பணம் தருகிறவர்களுக்குப் புது யோசனை வரவேண்டுமா? முதல் பரீட்சையில் அதிக மார்க் வாங்கிய மூன்று பேருக்கு மாட்டுங்காவில் இரண்டு வருஷம் இலவச என்ஜினியரிங் கோச்சிங். மேடம் இப்போதுதான் சொன்னார்.

பேராச்சியின் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"சரியா போட்டதை எதுக்கு பேட்டா அழிச்சே?"

மாரிசெல்வி வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அவள் வேலை போகும், இந்தப் பெண் மாட்டுங்கா போவாள். அவ்வளவுதான் கணக்கு.

பேராச்சி அவளைத்தான் பார்த்தாள்.

மாரிசெல்வி தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"சந்தேகமா இருந்துச்சு மேடம். எனக்கு கணக்கு அவ்வளவா வராது" என்றாள் பேராச்சி.

மேடம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். சுவரைக் காட்டி, உன் அக்காவும் ஏழிலிருந்து வந்தவள்தான் என்றார்.

வாசலுக்குப் போகிற வழியில் மாரிசெல்வியின் கையில் அந்தத் தாளைத் திணித்தார். குரல் உயரவில்லை.

"தடம் தெரியாம அழிக்கணும்னு அன்னிக்கே உனக்குச் சொல்லிக் குடுத்தேனே. மறந்துட்டியா?"