நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு

"இந்த மொட்டைப் பென்சில்ல எழுதினா நான் கடைசியாத்தான் வருவேன்."

நெல்லோ அதை மனைவியின் கையிலிருந்து பிடுங்கினான். மெக்கானிக்கின் கத்தியால் சீவிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறு ஆண்டுகள். உலகச் சாம்பியன் பந்தயங்களுக்கு அது இரண்டாவது ஆண்டு. சிறிய அணிகளில் ஓட்டுகிறவனின் மனைவிதான் நேரம் குறிப்பாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், மடியில் தாள்.

அந்த ஆண்டு அவனுக்கு இதுவரை ஒரு புள்ளிகூட இல்லை. புள்ளி இல்லாதவனுக்கு அடுத்த ஆண்டு கார் இல்லை.

பாதை காட்டுக்குள் போய்த் திரும்பும். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம்.

பதினொன்றாவது சுற்றின் முடிவில் இரண்டு சிவப்புக் கார்கள் பக்கம் பக்கமாகக் கடந்தன. நெல்லோ. வேறு அணியின் ஸாண்ட்ரோ. ஒரே மாதிரிக் கார்.

பன்னிரண்டில் ஒன்றுதான் வந்தது. கார் எண்ணின் மேல் எண்ணெய் வழிந்திருந்தது.

ஸாண்ட்ரோ பின்தங்கிவிட்டான் என்று நினைத்தாள். அழுத்தினாள். நெல்லோவின் பெயருக்கு நேரே எழுதினாள்.

வயதான மெக்கானிக் எத்தோரே தாளை எட்டிப் பார்த்தார்.

"நாலு அம்பத்திரண்டா! பய பறக்குறாம்மா. வேகமான சுத்துக்கு ஒரு புள்ளி உண்டுல்ல, அது நமக்குத்தான்."

அவன் அடுத்த சுற்றில் பார்ப்பதற்காகப் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதினார்.

அந்த ஐந்து நிமிடமும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சிவப்புக் கார் மறுபடி வந்தது. எத்தோரே பாதையோரச் சுவருக்கு மேலே பலகையை நீட்டினார். ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எத்தோரே பலகையை இறக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

அதிகாரி ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தார்.

"காட்டுக்குள்ளம்மா. பன்னெண்டாவது சுத்துல. மரத்துல..."

"இல்லையே. பன்னெண்டாவது சுத்து முடிச்சுட்டாரே. எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பந்தயம் நிற்கவில்லை. மீதிப் பன்னிரண்டு சுற்றும் ஓடி முடிந்தது.

டிசம்பரில் அந்த ஆண்டின் முடிவுகள் சிறு புத்தகமாகத் தபாலில் வந்தன. உறையில் நெல்லோவின் பெயர்.

கோட்டைக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே பக்கத்தைத் தேடினாள்.

மிக வேகமான சுற்று, பன்னிரண்டாவது. நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு. ஸாண்ட்ரோவுக்கு ஒரு புள்ளி.

நேரத்தை அவள் சரியாகத்தான் எடுத்திருந்தாள்.