அஞ்சரை மணி ஆசாமி

"வேலையையும் வீட்டையும் சமமா நடத்தறதுக்கு ஆப் விக்கற கம்பெனிங்க இது. இங்கயே ஒருத்தர் வேலையை அம்போன்னு உட்டுப்போட்டு ஓடுனா, வாங்கறவன் சிரிக்க மாட்டானுங்களா?"

முதலாளி மோகன்குமார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஷானவாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதில்தான் மோகன்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆப்பின் பெயர் 'சமன்'. ஆபீஸ் வேலைக்கு ஒரு தட்டு, சொந்த வேலைக்கு ஒரு தட்டு. முடித்த வேலைக்குப் பச்சை விழும். தராசு சாய்ந்தால் திரையே சிவந்துவிடும். தீபாவளி முடிந்ததிலிருந்து ஷானவாஸின் தராசு சொந்த வேலைப் பக்கமே சாய்ந்து கிடக்கிறது. அஞ்சரை ஆனால் ஆளைக் காணோம்.

மோகன்குமாரின் தராசு அப்படியா? வரவேற்பறை டிவியில் நாள் முழுக்க ஓடும். முள் இம்மி அசையாது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

"என்னைப் பாருங்க. எனக்கு இல்லாத வேலையா? ஆனாலும் ஜிம், பாப்பா ஸ்கூல், அம்மா, எல்லாம் டெய்லி பச்சை. மனசிருந்தா மார்க்கமுண்டுங்க."

திட்டும்போதும் மோகன்குமாருக்கு 'ங்க' குறையாது. குத்தல் மட்டும் கூடும்.

"வேற எங்கயாச்சும் பார்ட் டைம் பார்க்கறீங்களா?"

"இல்லைங்க சார்."

"பின்னே எங்கதான் போறீங்க?"

"ஒரு ஊட்டுக்குங்க. கால் முடியாத ஒரு அம்மா. சாயங்காலம் கையைப் புடிச்சு நடக்க வெக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"உங்க சொந்தமா?"

"இல்லைங்க."

மோகன்குமார் சிரித்தேவிட்டார். பக்கத்தில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கும் மௌனிகா, ஷானவாஸை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டீங்களா மௌனிகா? ஊரான் ஊட்டு அம்மாவை நடக்க வெக்கறதுக்கு நான் சம்பளம் குடுக்கறனாமா! ஏனுங்க, அந்தம்மாவுக்குப் பெத்த பையன் இல்லீங்களா?"

"இருக்காருங்க. அவருக்கு வேலை ஜாஸ்திங்க."

"என்ன பொல்லாத வேலை? பெத்தவளைக் கையைப் புடிச்சு நடத்த நேரமில்லாதவனெல்லாம் ஒரு மனுசனுங்களா? அவனை நம்ம ஆப்பை வாங்கச் சொல்லுங்க!"

ஷானவாஸ் தலை குனிந்துகொண்டான்.

"அவருகிட்ட ஆப் இருக்குங்க சார்."

அப்போது அவன் செல்போன் அடித்தது.

"அந்தம்மாதானுங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க. நாங்களும் கேக்கறோம்."

தயங்கித் தயங்கிப் போட்டான்.

"ஏஞ்சாமி, இன்னும் கெளம்பலையா? செருப்பைப் போட்டுட்டு வாசல்லயே நிக்கறேன். மோகன் ஏதாச்சும் வேலைன்னு புடிச்சு வெச்சுக்கிட்டானா? அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத கண்ணு. அவனால வர முடியலைன்னாலும் உன்னை அனுப்பி வெச்சானே, அது போதும்."

மோகன்குமார் தன் அம்மா நாச்சியம்மாளின் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது. அதற்காகப் பெற்றவள் குரல் தெரியாமல் போகுமா?

"இதோ வாரேன்மா" என்று ஷானவாஸ் போனை வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"தீபாவளிக்கு முந்தின வாரம், வாங்க வந்தவங்களுக்கு நீங்க ஆப்பைக் காட்டுனீங்க சார். 'நம்ம வேலையை இப்படி இன்னொருத்தருக்குத் தள்ளி உடலாம்'னு சொல்லி, அம்மாவை நடக்க வெக்கற வேலையை எனக்குத் தள்ளுனீங்க. 'தினமும்'ங்கறதையும் அழுத்துனீங்க. அப்புறம் அதை எடுக்கவே இல்லை. சும்மா காட்டத்தான் செஞ்சீங்கன்னு தெரியும். இருந்தாலும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அடுத்த நாள் அவங்க எனக்காக வாசல்ல நின்னாங்க. அதுக்கப்புறம் போகாம இருக்க முடியலீங்க. நான் முடிச்சாலும் நேரம்தான் என் தட்டுல ஏறுது, பச்சை உங்களுக்குத்தானுங்களே விழுது."

மௌனிகா கடிதத்தைச் சத்தமில்லாமல் ஃபைலுக்குள் செருகினாள்.

மோகன்குமாரின் முகம் செத்துப்போனது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? ஊருக்கே சமன் விற்கிறவருக்குச் சமாளிக்கவா சொல்லித்தர வேண்டும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டார்.

"அட, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே! ஒண்ணும் பெரிய தப்பில்லை. நான் குடுத்த வேலையைப் போயி சொந்த வேலைத் தட்டுல போட்டிருக்கீங்க, அதான் சாஞ்சுபோச்சு. ஆபீஸ் தட்டுக்கு மாத்திப்போடுங்க. தராசு நேராயிரும். தீந்துச்சு!"

ஷானவாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"நீங்க வேணா மாத்திக்குங்க சார். ஒரு அம்மாவை ஆபீஸ் வேலைன்னு போட எனக்குக் கை வரலீங்க."